குரைப்பது யார் குற்றம்?

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் கைகோக்கும் இடத்தில் ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 100 தீவுகள்; அவற்றுள் மனிதர் வாழ்பவை 16 அளவே. ஓயாது வீசும் காற்று, மரங்கள் அரிதான குன்றுகள், குறுகிய கோடை, நீண்ட குளிர்காலம். அந்த மண்ணில் வளர்ந்த உயிர்கள் உருவில் சிறியவை. அத்தீவின் குதிரை சிறியது, ஆடு சிறியது, அந்த ஆட்டை விரட்டும் நாயும் சிறியது. நின்ற நிலையில் தோள்வரை அளந்தால் 37 சென்டிமீட்டர் அளவே உயரமுள்ள அந்த நாயை ஷெட்லாந்து மந்தை நாய் என்பர். செல்லமாக ஷெல்டி என்று அழைப்பர்.

எங்கோ ஒரு தீவின் நாயைப் பற்றி நாம் ஏன் எண்ண வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அந்த நாயின் வரலாற்றில் ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருக்கிறது. ஓர் உயிரின் இயல்பை நம் தேவைக்கு ஏற்ப வளைத்துவிட்டு, தேவை மாறியதும் அந்த இயல்பையே குற்றமாகக் கருதலாமா? வளைத்தவர்கள் என்றோ மறைந்த முன்னோர். இன்று அந்த உயிரைக் கையில் வைத்திருப்பவர்கள் நாம். அப்படியானால் கடன் யாருடையது?

முதலில் அந்நாயின் தொழிலை அறிந்துகொள்வோம். மந்தை நாய் என்றதும், ஆடுகளை ஓசையின்றிச் சுற்றி வளைத்து, பார்வையாலேயே அடக்கி, ஆயனிடம் கொண்டுவந்து சேர்க்கும் நாய்தான் பலருடைய நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் புறத்துப் பார்டர் காலி நாய் அவ்வாறே பணி செய்கிறது. ஷெட்லாந்து நாய்க்கு வாய்த்த பணி வேறு. அங்குள்ள குடியானவர்கள் வீட்டை ஒட்டிய சிறு துண்டு நிலங்களில் ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். ஆடுகளோ பொது மேய்ச்சல் நிலமாகிய குன்றுகளில் தம் விருப்பம்போல் திரிந்தன. நிலங்களுக்குச் சரியான வேலி இல்லை. பசித்த ஆடுகள் இறங்கி வந்து பயிரில் வாய் வைத்தால், ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவு ஒரே பொழுதில் அழிந்துபோகும். ஆகவே விளைநிலத்தை நெருங்கும் ஆடுகளைக் குரைத்து விரட்டுவது அந்நாயின் முதன்மையான கடமையாயிற்று. வீட்டையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் குறிக்க அத்தீவினர் வழங்கிய 'டூன்' என்னும் சொல்லிலிருந்து, 'டூனி நாய்' என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டாயிற்று.

வேலி இல்லாத நிலத்துக்கு அந்தக் குரலே வேலி. உடல் சிறிதாக இருப்பதால் குறைந்த உணவே போதும். குரல் பெரிதாக இருப்பதால் தொலைவிலுள்ள ஆடும் மிரளும். வறிய குடியானவனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறென்ன? அந்நியர் வருகையை முன்னறிவிக்கும் நாய், ஓடுவதைக் கண்டால் துரத்தும் நாய், தன் வீட்டாரின் முகக்குறிப்பை உடனே புரிந்துகொள்ளும் நாய் என்று தேர்ந்து தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக அவற்றின் குட்டிகளை வளர்த்தனர். நாம் இன்று அதன் குணம் என்று சொல்வது, பல நூறு பசித்த குளிர்காலங்களில் மனிதர் அதனிடம் கேட்டுப் பெற்ற பணியின் தடமே.

பிறகு காலம் மாறியது. தீவுக்கு வந்த கடற்படையினரும் பயணிகளும் பஞ்சு உருண்டை போன்ற குட்டிகளைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கிச் சென்றனர். வாங்குவோரின் விருப்பத்துக்கு ஏற்ப, இன்னும் சிறிய, இன்னும் அழகிய குட்டிகளைப் பெறுவதற்காக வேறு சிறு நாய்களுடன் கலந்து இனவிருத்தி செய்தனர். பழைய வகை அழிந்துவிடுமோ என்று அஞ்சிய சிலர் 1908இல் லெர்விக் நகரில் ஒரு சங்கம் அமைத்தனர். மறு ஆண்டில் பிரிட்டனின் கென்னல் கிளப் 'ஷெட்லாந்து காலி' என்னும் பெயரில் அதை ஏற்றது. காலி நாய் வளர்ப்போர் அப்பெயருக்கு மறுப்புத் தெரிவிக்கவே, 1914இல் இன்றைய பெயர் நிலைபெற்றது. உருவத்தைச் சீராக்குவதற்காகக் காலி இன நாய்களுடனும் அதைக் கலந்தனர். இவ்வாறு குடியானவனின் நாய் கண்காட்சி மேடைக்கும் வரவேற்பறைக்கும் குடியேறியது. 'மந்தை நாய்' என்னும் பெயர் மட்டும் எஞ்சியது, மந்தை போயிற்று, நிலம் போயிற்று. ஆனால் குரல் போகவில்லை.

இப்பொழுது ஒரு வீட்டை மனக்கண்ணால் காண்போம். பிரிட்டனின் ஏதோ ஒரு நகரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். ஒரு நாள் அவர்கள் அழகிய ஷெல்டிக் குட்டியொன்றை வாங்கி வருகிறார்கள். கழுத்தைச் சுற்றிய அடர்ந்த மயிரும், கூரிய முகமும், எதையோ கேட்பது போன்ற கண்களும் அவர்களை மகிழ்விக்கின்றன. சில மாதங்களில் குட்டி வளர்ந்து தன் இயல்பைக் காட்டுகிறது. அஞ்சல்காரர் வந்தால் குரைக்கிறது. மிதிவண்டி ஓடினால் குரைக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடினால் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலை மெல்லக் கவ்வுகிறது. பகலெல்லாம் தனியே அடைபட்டால் சன்னலோரம் நின்று, தெருவில் அசையும் ஒவ்வொன்றையும் நோக்கிக் குரைக்கிறது. வீட்டார் அதைக் கெட்டுப்போன நாய் என்கிறார்கள். உண்மையில் அது வேலை தேடும் நாய். விரட்ட ஆடில்லாத ஊரில், காக்கப் பயிரில்லாத வீட்டில், தன் மூதாதையர் நன்றாகச் செய்து பாராட்டுப் பெற்ற பணியை அது இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

அயலார் முறையிடுகிறார்கள். வீட்டார் அதட்டுகிறார்கள். மனித மனநிலையை நுட்பமாக உணரும் அந்நாய், அதட்டலைக் கேட்டு மேலும் கலங்குகிறது. கலங்கிய நாய் மேலும் குரைக்கிறது. பிரிட்டனில் இந்த இடத்திலேயே கதை நின்றுவிடும். ஆனால் சட்டம் தடுக்காத வேறு சில நாடுகளில் இன்னொரு வழியும் முன்வைக்கப்படுகிறது. மயக்க மருந்து கொடுத்து, நாயின் குரல் நாண்களில் ஒரு பகுதியை அறுத்து நீக்கிவிடலாம் என்பதே அந்த வழி. ஷெல்டி போன்ற குரைக்கும் இனங்கள் பல இந்த அறுவைக்கு ஆளாகியுள்ளன.

வீட்டு விலங்குகளைக் காப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் 1987இல் உருவாக்கிய உடன்படிக்கை, நோய் தீர்க்கும் நோக்கமின்றிச் செய்யப்படும் இத்தகைய அறுவையை, வாலறுத்தல், காதறுத்தல் ஆகியவற்றோடு சேர்த்துக் கண்டித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2010இல் இதற்குத் தடை விதித்தது. ஆயினும் எங்கும் தடை வந்துவிடவில்லை.

இங்கே நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடக் கூடாது. இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் உறங்க முயலும் அயலானுக்கு அமைதி உரிமையானது. அடுத்த வீட்டில் நோயுற்ற முதியவர் இருக்கலாம். 'நாயை அடக்கு, இல்லையேல் வீட்டைக் காலி செய்' என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிடலாம். அந்த நாயை ஏற்க வேறு எவரும் முன்வராத நிலையில், 'குரலை இழப்பதா, உயிரையே இழப்பதா?' என்னும் கேள்வி எழும்போது, கண்ணீரோடு முதலாவதைத் தேர்ந்துகொண்டவரைக் கொடியவர் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஆனால் அந்த அறுவை எதைச் செய்கிறது என்பதை உற்று நோக்க வேண்டும். அறுவைக்குப் பின்னும் நாய் குரைக்க முயல்கிறது. வாய் திறக்கிறது, உடல் அதிர்கிறது. கரகரத்த, இருமல் போன்ற ஓசையே வெளிப்படுகிறது. சிலவற்றுக்குத் தொண்டையில் தழும்பு தடித்து மூச்சுக்கும் இடையூறு நேர்கிறது. அதன் தனிமை அப்படியே இருக்கிறது. அச்சமும் வேலையின்மையும் அப்படியே இருக்கின்றன. அந்த நாயைக் குரைக்க வைத்த காரணங்களுள் ஒன்றுகூடத் தீரவில்லை. தீர்ந்தது நமக்கிருந்த தொந்தரவு மட்டுமே. அவ்வாறெனில் கத்தி பட்டது நாயின் தொண்டையில் என்றாலும், செவிடாக்கப்பட்டது நாமே அல்லவா?

இறைவாக்கினர் எசாயா தம் காலத்துத் தலைவர்களைக் கடிந்துகொள்ளும்போது, கடமை தவறிய காவலர்களைக் குரைக்க இயலாத ஊமை நாய்களுக்கு ஒப்பிடுகிறார். ஆடு மேய்க்கும் மக்கள் நடுவே அந்த உவமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குரைக்காத காவல் நாய் என்பது அவர்களுக்குப் பெருங்குறையின் அடையாளம். அந்தக் குறையை நாம் விலை கொடுத்து உண்டாக்குகிறோம்.

'அந்த நாயை அவ்வாறு உருவாக்கியவர்கள் நாங்கள் அல்லவே. ஷெட்லாந்துக் குடியானவன் பட்ட கடனை நாங்கள் ஏன் தீர்க்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆனால் தந்தையின் நிலத்தைப் பெற்ற மகன், அந்த நிலத்தின் மேலிருக்கும் கடனையும் பெறுகிறான். விளைச்சல் எனக்கு, கடன் மறைந்தவருக்கு என்று சொல்ல எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் இடம் கொடாது. ஷெல்டியின் அறிவுக்கூர்மை உலகறிந்தது. நாய்களின் அறிவைப் பற்றி 1994இல் நூல் எழுதிய உளவியலாளர் ஸ்டான்லி கோரன், சொல்லைக் கேட்டுப் பணிவதில் அதற்கு ஆறாம் இடம் அளித்தார். வீட்டாரிடம் அது காட்டும் பற்று ஆழமானது. அந்நியரிடம் அது ஒதுங்கி நிற்கும். பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு ஓடிவரும் அந்தக் கூர்மையும், கதவருகே கேட்கும் காலடிக்குக் குரைக்கும் அந்தக் கூர்மையும் ஒன்றே. அதே குடியானவன், அதே வயலோரத்தில், அதே தேவைக்காக வளர்த்தவை அவை. ஒன்றை வரம் என்று மடியில் ஏந்திக்கொண்டு, மற்றொன்றைச் சாபம் என்று அறுத்தெறிவது நியாயம் ஆகுமா?

இனி, அக்கடனைத் தீர்ப்பது எவ்வாறு? குரைப்பை முற்றிலும் கட்டுக்குள் விடாமல் வளர்ப்பதும் அன்பாகாது. அயலானும் நமக்கு அடுத்திருப்பவனே. பயிற்றுவிப்பது வேறு, அறுப்பது வேறு. பயிற்சி என்பது அந்த உயிரோடு நிகழும் உரையாடல். 'நீ சொன்னதைக் கேட்டேன், இனிப் போதும்' என்று அதற்கு உணர்த்துவதே அதன் சாரம். குரைப்பை நிறுத்திய நொடியில் கனிந்த குரலும் சிறு தின்பண்டமும் கிடைத்தால் அறிவுள்ள அந்நாய் விரைவில் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஒவ்வொரு நாளும் நடையும் ஓட்டமும் வேண்டும். அவற்றைவிட மேலாக, மூளைக்கு வேலை வேண்டும். ஒளித்து வைத்ததைத் தேடச் சொல்லலாம், தடை தாண்டப் பழக்கலாம், புதிய சொற்களைக் கற்பிக்கலாம். பணி கிடைத்த மந்தை நாய் மாலையில் அமைதியாக உறங்கும். கடுஞ்சொல்லும் அடியும் மட்டும் கூடவே கூடா. மென்மையான அதன் உள்ளம் அவற்றால் ஒடுங்கிப் போகும்.

உடலைப் பேணுவதிலும் அதே நெறியே. அதன் மயிர் இரண்டு அடுக்குகள் கொண்டது. வெளியே நீண்டு சொரசொரப்பான மயிர் மழையைத் தடுக்கும். உள்ளே குட்டையாய் நெருங்கிய மென்மயிர் உடலின் வெப்பநிலையைக் காக்கும். கோடையில் அதற்கு நன்மை செய்வதாக எண்ணி முழுவதும் மழித்துவிடுவோர் உண்டு. வெயிலிலிருந்தும் காத்து நின்ற போர்வையை அவர்கள் பறித்துவிடுகிறார்கள். வாரம் இரு முறையேனும் தோல்வரை படியச் சீவி, காதின் பின்புறச் சிக்கை விரலால் பொறுமையாகப் பிரித்துவிடுவதே தக்கது. மருந்திலும் விழிப்பு வேண்டும். காலி இனங்களிலும் ஷெல்டிகளில் ஒரு பகுதியிலும் ஒரு மரபணுக் குறை உண்டு. அக்குறையுள்ள நாய்க்கு, ஒட்டுண்ணிகளை ஒழிக்கும் ஐவர்மெக்டின் முதலிய சில மருந்துகள் அளவு மிகும்போது மூளையைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். அம்மரபணுவை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இனங்கண்டனர். இன்று எளிய சோதனையால் அதை அறியலாம். வேறு நாய்க்கு நன்மை செய்த மருந்து இந்த நாய்க்கும் நன்மை செய்யும் என்று கருதி, கால்நடை மருத்துவரைக் கேளாமல் கொடுப்பது நல்லெண்ணத்தால் விளையும் கேடு. எதிரே நிற்கும் உயிர் எது என்று அறியாத அன்பு, பல வேளைகளில் பகைமையைவிடத் தீங்கானது.

அறியாமையால் வரும் கேட்டைவிடக் கொடியது அறிந்தே செய்யும் கேடு. ஷெல்டிகளில் நீலச் சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகள் படர்ந்த ஒரு மேனி உண்டு. காண்பவரை நிற்க வைக்கும் அழகு அது. ஆனால் அந்நிறமுடைய ஆணையும் பெண்ணையும் இணைத்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று அந்த நிற மரபணுவை இருபுறமிருந்தும் பெறும். அவ்வாறு பெற்றவற்றுள் பல செவிடாகவோ குருடாகவோ, சில இரண்டுமாகவோ பிறக்கின்றன. இதை அறிந்த பின்னும் அழகிய நிறத்துக்காகவும் அதற்குக் கிடைக்கும் விலைக்காகவும் அவ்வாறு இணைப்போரை என்னவென்பது? நம் கண்ணின் இன்பத்துக்காக ஒரு குட்டியின் கண்ணை விலையாகக் கொடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

'மனிதர் பசித்திருக்கையில் நாய்க்கு இத்தனை கவலையா?' என்னும் கேள்வியும் நம் செவியில் விழாமலில்லை. அதைத் தள்ளிவிட முடியாது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம், அவற்றைத் தேவையின்றி வருத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று கற்பிக்கும் அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. நாம் இதுவரை சொன்ன கடன்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை. நேரம் தேவை, பொறுமை தேவை, தெரிந்துகொள்ளும் மனம் தேவை. கண்காட்சிப் பதக்கத்துக்கும் அரிய நிறத்துக்கும் கொட்டும் பணமே ஏழையின் பங்கு. குரைக்கும் நாயருகே அமர்ந்து அது எதைக் கண்டு குரைக்கிறது என்று பார்ப்பதற்கு எந்த ஏழையின் தட்டிலிருந்தும் எதையும் எடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முந்திய கடமை ஒன்று உண்டு. அது நாயை வாங்கும் முன் வருவது. 'இதற்குத் தேவையானது என்னிடம் உண்டா?' என்று கேட்டு, இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்புவதே அது. 'குரலா, உயிரா' என்னும் அந்தக் கொடிய கேள்வி பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்ததன்று. கேட்க வேண்டிய நாளில் கேளாமல் விட்ட சிறு கேள்வியே வளர்ந்து அவ்வளவு பெரிதாகி நிற்கிறது. பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு ஷெல்டியை அழைத்து வராமல் விடுவதும் அந்த உயிரின் மேல் கொண்ட அன்புதான். அந்த அன்பை எவரும் பாராட்டப் போவதில்லை. அந்த நாய்கூட அறியப் போவதில்லை. ஏற்கனவே தவறிழைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தோட்டமும் நேரமும் உள்ள இன்னொரு வீட்டை அதற்காகப் பொறுமையோடு தேடித் தரலாம். தேடும் நாள்வரை தம் பழக்கத்தைத் தாமே மாற்றிக்கொள்ளலாம்.

தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. இளைஞன் தோபியா தொலைதூரப் பயணம் புறப்படும்போது, வானதூதர் இரபேலோடு அந்த நாயும் உடன் செல்கிறது. அதன் பெயர் சொல்லப்படவில்லை. அது என்ன பணி செய்தது என்பதும் சொல்லப்படவில்லை. மீனும் மருந்தும் திருமணமும் பேயோட்டுதலும் நிறைந்த அந்தக் கதையில் அதை எளிதாக மறந்திருக்கலாம். ஆனால் தோபியா வீடு திரும்புகையில், நாயும் அவர்கள் பின்னே வந்தது என்பதை அந்நூல் மறவாமல் குறிப்பிடுகிறது. உடன் அழைத்துச் சென்றவர்கள் உடன் அழைத்து வந்தார்கள். வழியில் எங்கும் விட்டுவிடவில்லை.

ஷெட்லாந்தின் வயலோரத்திலிருந்து ஒரு சிறு நாயை மனிதர் தம்மோடு நெடுந்தொலைவு அழைத்து வந்துவிட்டனர். திரும்பிப் போக அதற்கு வயல் இல்லை. இனி அதன் வீடு நாம் இருக்குமிடமே. அடுத்த முறை அது சன்னலோரம் நின்று குரைக்கும்போது, அதட்டும் முன் எழுந்து சென்று, அது எதைப் பார்க்கிறது என்று ஒரு கணம் நாமும் பார்ப்போம்.